அலமாரியின் 'ல': வழக்கொழிந்த ஒரு சொல்லின் வழித்தடம்

போர்ச்சுகலில் இன்று துணிமணி வைக்கும் மரப்பெட்டகத்துக்குப் பெயர் 'அர்மாரியோ'. 'அல்மாரியோ' என்ற வடிவம் அவர்களுடைய அகராதியில் பழைய சொல், பாமரர் வழக்கு என்ற குறிப்போடு ஒதுங்கிக் கிடக்கிறது. ஆனால் யாழ்ப்பாணம் தொடங்கி டாக்கா வரை, அங்கிருந்து ஜகார்த்தா வரை வீடுகளில் புழங்குவது அந்த ஒதுக்கப்பட்ட வடிவம்தான். நாம் அலமாரி என்கிறோம், அருமாரி என்று சொல்வதில்லை. மூலமொழியில் செத்துப்போன உச்சரிப்பு ஆயிரக்கணக்கான மைலுக்கு இப்பால் உயிரோடு இருக்கிறது.

இந்த ஆய்வு அந்த ஒற்றை 'ல'வைப் பற்றியது. அது எங்கே பிறந்தது, எந்தெந்த மொழிகளில் எப்படி உருமாறியது, ஆங்கிலத்தில் ஏன் மடிந்தது, தமிழுக்கு எந்த வாசல் வழியாக வந்தது என்ற கேள்விகளுக்கு விடை தேடினால், அலமாரி என்ற சொல் 2,000 ஆண்டுகளுக்கு மேல் நடந்த பாதை தெரிந்துவிடும். கடன் சொற்களின் வரலாற்றில் ஊகத்துக்கு இடம் அதிகம். இந்தச் சொல்லில் ஊகத்தின் தேவை குறைவு. தடயங்கள் அத்தனை தெளிவானவை.

லத்தீனில் அது என்னவாக இருந்தது

லத்தீன் மூலம் 'அர்மாரியம்'. 'அர்மா' என்ற பெயரோடு, 'வைக்கும் இடம்' என்று பொருள்தரும் '-ஆரியம்' என்ற விகுதி சேர்ந்தது. அக்வேரியத்தில் நீர், ஹெர்பேரியத்தில் செடி, அதே விகுதிதான்.

'அர்மா' என்றவுடன் ஆயுதம் என்று எழுதிவிடுகிறவர்கள் பலர். அலமாரி முதலில் ஆயுதப் பெட்டியாக இருந்தது என்ற கதை அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தச் சொல்லுக்கு ஆயுதம் என்ற பொருள் உண்டு, ஆனால் அதுமட்டும் இல்லை. கப்பலின் பாய், கயிறு, உழவனின் கருவிகள் என்று ஒரு தொழிலுக்கு வேண்டிய தட்டுமுட்டு எல்லாமே 'அர்மா'. ஆயுதக் கிடங்குக்கு லத்தீனில் 'அர்மாமென்டாரியம்' என்று தனிச் சொல் இருந்தது. அர்மாரியத்தில் ரோமானியர் வைத்தவை உணவு, துணி, பணம், ஏடு.

பணம் வைத்ததற்குச் சான்று ஒரு கொலை வழக்கில் கிடைக்கிறது. கி.மு. 66இல் க்ளூவென்டியஸ் என்பவருக்காக ரோமானிய வழக்கறிஞர் சிசரோ ஆற்றிய வாதத்தில், லாரினும் என்ற ஊரில் நடந்த திருட்டு ஒன்று வருகிறது. ஸ்ட்ராடோ என்ற அடிமை இரவில் தூங்கிக்கொண்டிருந்த சக அடிமைகள் இருவரைக் கொன்று மீன்குளத்தில் எறிந்துவிட்டு, வீட்டிலிருந்த அர்மாரியத்தின் அடிப்பலகையை அறுத்துப் பணத்தையும் 5 ராத்தல் தங்கத்தையும் எடுத்துக்கொண்டான். ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். தங்கம் மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பலகையை எதனால் வட்டமாக அறுத்திருக்க முடியும் என்ற கேள்வி எழுந்தபோது, வளைந்த, எல்லாப் பக்கமும் பல் வைத்த சிறிய ரம்பம் ஒன்று ஏலத்தில் விலைபோனது ஒருவருக்கு நினைவு வந்தது, குற்றம் வெளிப்பட்டது. சொல்லாராய்ச்சிக்கு இது அகராதி விளக்கத்தைவிடப் பயன் தருவது. அர்மாரியம் பூட்டு உள்ள, மரத்தாலான, கதவை உடைப்பதைவிட அடியை அறுப்பது எளிதாக இருந்த ஒரு பொருள் என்று இதிலிருந்து தெரிகிறது.

1ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மூத்த பிளினி, ரோமானிய வீட்டு முன்கூடத்தில் முன்னோரின் மெழுகு முகங்கள் தனித்தனி அர்மாரியத்தில் அடுக்கப்பட்டிருந்ததைச் சொல்கிறார். அவருடைய சகோதரி மகன் இளைய பிளினி தம் கடற்கரை மாளிகையின் படுக்கையறைச் சுவரில் பதித்த அர்மாரியத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருமுறை படித்துவிட்டு வைக்கும் நூல்களுக்காக இல்லாமல், திரும்பத் திரும்பப் படிக்கும் நூல்களுக்காக வைத்த அலமாரி அது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த சட்ட அறிஞர் உல்பியன் இன்னும் நடைமுறையான சிக்கலை எடுத்துக்கொள்கிறார்: ஒருவர் உயிலில் 'நூலகத்தை'க் கொடுத்தால், வாரிசுக்குச் சேர்வது வெறும் அர்மாரியங்களா, உள்ளே இருக்கும் ஏடுகளும் சேர்த்தா? நூலகம் என்ற சொல்லும் அலமாரி என்ற சொல்லும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வழங்கியதால்தான் இப்படியொரு கேள்விக்கே இடம் வந்தது.

பொருளின் உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு இடங்கள் போதும். இத்தாலியின் ராவென்னாவில், ரோமானியப் பேரரசி கல்லா பிளாசிடியாவின் நினைவு மண்டபத்தில், 5ஆம் நூற்றாண்டு வண்ணக்கல் ஓவியத்தில், கதவு திறந்த அலமாரியின் இரண்டு தட்டுகளில் நான்கு சுவிசேஷ ஏடுகள் பெயரோடு கிடக்கின்றன. 716க்கு முன் வடகிழக்கு இங்கிலாந்து மடத்தில் எழுதப்பட்டு இப்போது ஃபிளாரன்ஸில் இருக்கும் அமியாட்டினஸ் விவிலியப் படியில், எழுதிக்கொண்டிருக்கும் விவிலிய மறைநூலறிஞர் எஸ்றாவின் பின்னால் ஒன்பது ஏடுகள் கொண்ட அலமாரி இருக்கிறது. ஏடுகள் நிமிர்த்தி வைக்கப்படவில்லை, படுக்கவைத்திருக்கின்றன. இடைக்கால மடங்களில் ஏட்டுக்குப் பொறுப்பானவரின் பதவிப் பெயரே 'அர்மாரியுஸ்', அதாவது அலமாரிக்காரர்.

'ர' எப்படி 'ல' ஆனது

அர்மாரியம் என்பதில் இரண்டு 'ர'. ஒரே சொல்லில் ஒரே ஒலி அருகருகே இரண்டு முறை வந்தால் நாக்கு ஒன்றை மாற்றிவிடும். மொழியியலில் இதற்கு வேற்றினமாதல் என்று பெயர். 'ர'வும் 'ல'வும் நாவின் நுனியில் பக்கத்துப் பக்கத்து ஒலிகள் என்பதால் மாற்றம் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்ளேயே நடக்கும்.

லத்தீனுக்கு இது புதிதில்லை. '-ஆலிஸ்' என்ற அடைமொழி விகுதி, சொல்லில் ஏற்கெனவே 'ல' இருந்தால் '-ஆரிஸ்' ஆகிவிடும். கப்பல் தொடர்பானது 'நாவாலிஸ்', ஆனால் சூரியன் தொடர்பானது 'சோலாரிஸ்', படைவீரன் தொடர்பானது 'மிலிதாரிஸ்'. நாம் அன்றாடம் சொல்லும் நேவல், சோலார், மிலிட்டரி ஆகியவற்றில் அந்த விதி இன்னும் தெரிகிறது. பிற்காலத்தில் 'பெரெக்ரீனுஸ்' என்ற வழிப்போக்கன் 'பெலெக்ரீனுஸ்' ஆகி ஆங்கிலத்தில் பில்கிரிம் ஆனான். 'மார்மோர்' என்ற பளிங்கு ஸ்பானியத்தில் 'மார்மோல்', 'கார்சர்' என்ற சிறை 'கார்செல்', 'ஆர்போர்' என்ற மரம் 'ஆர்போல்' ஆயின.

அர்மாரியத்தைப் பொறுத்தவரை மொழிகளை வகைப்படுத்த ஒரே கேள்வி போதும்: இரண்டு 'ர'வில் எது மாறியது?

எதுவும் மாறாதவை: இன்றைய ஸ்பானியம் 'அர்மாரியோ', போர்த்துக்கீசியம் 'அர்மாரியோ', கட்டலான் 'அர்மாரி', கிரேக்கம் 'அர்மாரி', பிரெஞ்சு 'அர்முவார்'. பிரெஞ்சில் பழைய '-ஏர்' என்ற ஈறு, வேறு சொற்களில் இருந்த '-உவார்' ஈற்றைப் பார்த்து மாறிக்கொண்டது.

இரண்டாவது 'ர' மாறியவை: இத்தாலியத்தில் 'அர்மாதியோ', அங்கே 'ர' 'த' ஆனது. பிரான்சின் வடமேற்கு மூலையில் பேசும் பிரெத்தோன் மொழியில் 'அர்மெல்', இரண்டாவது 'ர' 'ல' ஆனது. செர்பியத்தில் 'ஓர்மார்' என்பதன் அருகிலேயே 'ஓர்மான்' என்றும் ஒரு வடிவம், இங்கே 'ன'.

முதல் 'ர' மறைந்தது: ஸ்லோவேனியத்தில் 'ஓமாரா'. அது இன்றும் அந்த நாட்டு வீடுகளின் சாதாரணச் சொல்.

முதல் 'ர' 'ல' ஆனவை: பழைய பிரெஞ்சு 'அல்மாரியே', பழைய ஸ்பானியம் 'அல்மாரியோ', ஆஸ்திரியப் பக்கத்து ஜெர்மன் 'அல்மர்', செக் 'அல்மாரா', ஹங்கேரிய 'அல்மாரியும்', வேல்ஷ் 'அல்மாரி'. நம்முடையது இந்தக் கிளை. இவற்றில் பெரும்பாலானவை அந்தந்த மொழியில் இன்று முதிய சொற்கள்: பாட்டி வீட்டுச் சாமானைக் குறிப்பவை, அல்லது பழம்பொருள் கடையில் கேட்பவை. ஐரோப்பாவில் 'ல' கிளை வாட, ஆசியாவில் அதே கிளை தழைத்திருக்கிறது.

ஸ்பானியத்தில் மட்டும் அந்தப் பழைய வடிவம் ஒரு மரபுத்தொடருக்குள் ஒளிந்து பிழைத்தது. 'ஆல்மா' என்றால் உயிர். 'தன் ஆல்மாவைத் தன் அல்மாரியோவில் வைத்திருக்கிறான்' என்றால், எதையும் செய்யத் தேவையான மனமும் துணிவும் உடையவன் என்று பொருள். எதுகை பிடித்திருந்ததால் 'அல்மாரியோ' தப்பியது. 'அர்மாரியோ' என்று திருத்தினால் தொடர் உடைந்துவிடும். வழக்கொழிந்த சொற்களைத் தேடுகிறவர்கள் முதலில் பழமொழிகளில் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அரபு என்று நினைக்கும் பிழை

இந்தச் சொல்லில் பலர் தடுக்கி விழும் இடம் இது. ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் 'அல்-' என்று தொடங்கும் சொற்களில் பெரும்பங்கு அரபிலிருந்து வந்தவை. தலையணைக்கு 'அல்மொஃபாதா', பருத்திக்கு 'அல்கொதாவ்'. அரபுப் பெயர்களின் முன் வரும் 'அல்' என்ற சுட்டு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. இந்தியில் புழங்குவதால் அல்மாரியும் பாரசீகம் அல்லது அரபு வழி வந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இரண்டு சோதனைகள் இதை முறிக்கின்றன. முதலாவது காலம்: சிசரோவின் வாய்ப்பேச்சில் இருக்கும் சொல், அரபுகள் ஸ்பெயினுக்குள் நுழைந்த 711க்கு ஏழு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. இரண்டாவது நிலப்பரப்பு: 'அல்-' வடிவம் அரபு ஆட்சியே எட்டாத ஜெர்மன் நிலத்திலும் வேல்ஸிலும் செக் மொழி பேசும் போஹீமியாவிலும் இருக்கிறது. ஆக 'ல' உள்ளிருந்து பிறந்தது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் காதுக்குப் பழகிய நூற்றுக்கணக்கான 'அல்-' சொற்கள் அந்த 'ல'வுக்கு ஊட்டம் கொடுத்திருக்கலாம். பிறப்பு அவற்றால் இல்லை.

ஆங்கிலத்தில் வாழ்ந்து மடிந்த கதை

பழைய பிரெஞ்சில் மெய்யெழுத்துக்கு முன் வரும் 'ல' மெல்ல உயிராகக் கரைந்தது. வெள்ளையைக் குறித்த 'அல்பா' விடியலைக் குறிக்கும் 'ஓப்' ஆனது போல, 'அல்மாரியே' 'அவ்மேர்' ஆனது. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மானியர் வழியாக அங்கே போனபோது இரண்டு உச்சரிப்பும் சேர்ந்தே போயின. அங்கே 'ஆல்மெரி' என்றும் 'ஆம்ரி' என்றும் எழுதினார்கள்.

அடுத்த மாற்றத்தை வாயில் சொல்லிப் பார்த்தே உணரலாம். 'ம்' முடிந்து உடனே 'ர' தொடங்கும்போது, மூக்கு வழி மூடிக்கொள்ளும் கணமும் உதடு திறக்கும் கணமும் சற்றே பிசகினால் இடையில் ஒரு 'ப்' தெறிக்கும். 'காமெரா' என்ற லத்தீன் சொல் சேம்பர் ஆனதும், 'நூமெருஸ்' என்பது நம்பர் ஆனதும் இப்படித்தான். 'ஆம்ரி' 'ஆம்ப்ரி' ஆனது. ஸ்காட்லாந்தில் அந்த 'ப்' நுழையாமல் 'ஆம்ரி' என்றே நின்றது.

ஆகவே லத்தீனின் அந்த முதல் 'ர' மூன்று நிலைகளில் நமக்குக் கிடைக்கிறது. பிரெஞ்சு 'அர்முவாரில்' அது 'ர'வாகவே நிற்கிறது; அலமாரியில் 'ல'; ஆங்கில 'ஆம்ப்ரி'யில் அகரத்தோடு கரைந்து நீண்ட உயிர். பிற்கால 'அம்ப்ரி' என்ற குறுகிய வடிவத்தில் அந்தச் சுவடும் போய்விட்டது.

ஆம்ப்ரிக்கு இரண்டு வாழ்க்கை. வீட்டில் அது ரொட்டியும் இறைச்சியும் வைக்கும் பெட்டகம். தேவாலயத்தில், பலிபீடத்துக்கு அருகே, பெரும்பாலும் வடக்குச் சுவரில் குடைந்த சதுர மாடம். கல்லில் கதவு உட்கார ஒரு விளிம்பு வெட்டு, கீல் முளைக்கான துளைகள், ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே மரப்பலகை. திருக்கிண்ணமும் திருத்தைலமும் அதில் பூட்டி வைக்கப்பட்டன. மரக்கதவுகள் போய்விட்ட பழைய கோயில்களில் இன்று வெறும் குழி மட்டுமே மிஞ்சியிருக்கும். கீல் துளையைப் பார்த்துத்தான் அது ஆம்ப்ரி என்று அடையாளம் சொல்ல வேண்டும்.

அது ஏன் மடிந்தது என்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, பக்கத்து வீட்டுச் சொல்லோடு குழம்பியது. பிச்சையிடும் இடத்துக்கு 'ஆமனரி' என்று பெயர். அது 'கருணை' என்ற கிரேக்கச் சொல்லின் வழி. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தருகே இருந்த அந்த இடத்தை மக்கள் 'ஆம்ப்ரி' என்று திரித்துச் சொல்வதை 1598இல் லண்டன் நகர வரலாறு எழுதிய ஜான் ஸ்டோ பதிவு செய்திருக்கிறார். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் 'அம்ப்ரி'க்குப் பிச்சையிடும் இடம் என்றும், பாத்திரமும் ஆறிய உணவும் வைக்கும் பெட்டகம் என்றும் ஒரே தலைப்பின் கீழ் பொருள் தந்துவிட்டார். வட மாவட்டங்களிலும் ஸ்காட்லாந்திலும் இன்னும் வழங்குவது என்ற குறிப்பும் சேர்த்தார். இரண்டு வேறு வேர்கள் ஒரு தலைப்பில் அடைபட்டன.

இரண்டாவது காரணம் போட்டி. 'கப்போர்டு' என்பது தொடக்கத்தில் பெயருக்கேற்பக் கிண்ணம் வைக்கும் பலகை, அதாவது திறந்த மேடை. 16ஆம் நூற்றாண்டில் அதற்குக் கதவு போட்டார்கள். கதவு வந்ததும் ஆம்ப்ரியின் வேலையைக் கப்போர்டு பிடுங்கிக்கொண்டது. மதச் சீர்திருத்தத்தில் மடங்கள் கலைந்ததால் ஏட்டு அலமாரிகளும் திருப்பொருள் மாடங்களும் தொழிலிழந்தன. சொல் தங்கியிருந்த இரண்டு இடமும் ஒரே நூற்றாண்டில் போய்விட்டன. இன்று ஆங்கிலத்தில் அது தேவாலயக் கட்டடக் கலையின் கலைச்சொல் மட்டுமே.

தமிழுக்குள் நுழைந்த வாசல்

இனி நம் பக்கம். கடன் சொல்லின் வழியை நிறுவ, சொல்லின் உடம்பிலேயே இருக்கும் அடையாளங்களை முதலில் பார்க்க வேண்டும். வரலாற்றுக் கதையைப் பிறகு பார்க்கலாம். வரிசை மாறினால் கதைக்கு ஏற்றபடி சான்றை வளைக்கத் தொடங்கிவிடுவோம்.

முதல் அடையாளம் 'ர'வா 'ல'வா என்பது. தமிழ் 'ர்ம' என்ற மெய்ம்மயக்கத்தை, அதாவது இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வருவதைக் கண்டால் இடையில் உகரம் நுழைக்கும். கர்மம் கருமம் ஆகிறது, தர்மம் தருமம் ஆகிறது. மூலம் 'அர்மாரியோ' ஆக இருந்திருந்தால் 'அருமாரி' கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. எனவே மூலத்திலேயே 'ல' இருந்தது.

இரண்டாவது, 'ல்ம' என்ற கூட்டுக்குத் தமிழ் என்ன செய்தது என்பது. லகர மெய்க்குப் பின் க, ச, ப வரும், ய, வ வரும் என்கிறது தொல்காப்பியம். மகரம் அந்தப் பட்டியலில் இல்லை. நல் + மை நன்மை ஆவது அதனால்தான். வடமொழிச் சொற்களை ஏட்டு வழியில் எடுத்தபோதும் இந்த விதியே வேலை செய்தது: குல்மம் என்ற வயிற்றுநோய் குன்மம் ஆனது, வால்மீகி வான்மீகி ஆனார். அதே கணக்கில் நமக்கு 'அன்மாரி' கிடைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு சொல் இல்லை. புலவர் கையில் படாமல், துறைமுகத்திலும் அடுக்களையிலும் காதால் கேட்டு எடுக்கப்பட்ட சொல் என்பதற்கு இதுவே என் கணிப்பில் மிக வலுவான சான்று. பேச்சுவழக்கு அந்தக் கூட்டை உடைக்க இடையில் ஓர் உயிரைப் போட்டது. தமிழ்நாட்டில் அகரம் போட்டு அலமாரி; இலங்கையில் உகரம் போட்டு அலுமாரி. இரண்டு கரையும் தனித்தனியே அதே சிக்கலைத் தீர்த்திருக்கின்றன. சிங்களம் 'ல்ம'வைத் தாங்கும், ஆகவே அங்கே 'அல்மாரிய'.

மூன்றாவது, ஈறு. போர்த்துக்கீசிய ஆகாரத்தைத் தமிழ் பெரும்பாலும் ஐகாரமாக எடுக்கும்: 'மேசா' மேசை, 'கதெய்ரா' இலங்கைத் தமிழில் கதிரை. மலையாளமும் தெலுங்கும் 'அலமார' என்கின்றன. தமிழ் அவர்களிடமிருந்து வாங்கியிருந்தால் 'அலமாரை' என்று முடிந்திருக்கும். '-ரி' என்ற முடிவு அந்த வழியை அடைக்கிறது. இந்தியின் 'அல்மாரி' வழி மட்டும் அடைபடவில்லை. ஈற்றை வைத்து அதைத் தள்ளவும் முடியாது.

அங்கேதான் துணைச்சொற்கள் உதவுகின்றன. ஒரு சொல் தனியாகப் பயணம் செய்வது குறைவு. வீட்டைச் சுற்றிப் பாருங்கள்: ஜன்னல் 'ஜனேலா'விலிருந்து, சாவி 'ஷாவே'யிலிருந்து, மேசை 'மேசா'விலிருந்து, பீப்பாய் 'பீப்பா'விலிருந்து, வராந்தா 'வரான்தா'விலிருந்து. இலங்கையில் கூடுதலாக வாங்கு, கதிரை, துவாய், அலவாங்கு. கதவு திறக்கும் சாவி போர்த்துக்கீசியம், அருகிலிருக்கும் மேசை போர்த்துக்கீசியம் என்றால், நடுவில் நிற்கும் அலமாரி மட்டும் வடக்கே சுற்றி வந்திருக்கத் தேவையில்லை. இலங்கைக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்; அங்கே இந்துஸ்தானியின் செல்வாக்கு மெலிந்தது.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். போர்த்துக்கீசியர் 1498இல் கோழிக்கோடு வந்தார்கள். யாழ்ப்பாணத்தை 1619இல் பிடித்து 1658இல் டச்சுக்காரரிடம் இழந்தார்கள். நாகப்பட்டினமும் அதே ஆண்டு கைமாறியது. அதனால் சொல் 1658க்கு முன் வந்தது என்று எழுதிவிடக் கூடாது. ஆட்சி போனபின்னும் கரையோர நகரங்களில் போர்த்துக்கீசியக் கலப்பு மொழியே பொதுமொழியாக நீடித்தது. 1706இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் சமயப் பணியாளர் சீகன்பால்கு தமிழோடு போர்த்துக்கீசியமும் கற்க வேண்டியிருந்தது அதனால்தான். டச்சு வீட்டிலும் டேனிஷ் வீட்டிலும் வேலைக்காரரோடு பேசிய மொழி அது. 18ஆம் நூற்றாண்டிலும் கடன் தொடர்ந்திருக்க முடியும்.

பக்கத்து மொழி ஒன்று மாறாக நிற்பது இந்த வாதத்துக்குத் துணை. கொங்கணியில் 'ஆர்மார்' என்கிறார்கள், 'ர'வோடு. கோவா 1961 வரை போர்ச்சுகல் கையில் இருந்தது. பள்ளி, அலுவலகம், கோயில் எல்லாவற்றிலும் திருத்தமான 'அர்மாரியோ' தொடர்ந்து காதில் விழுந்துகொண்டே இருந்தது. மாலுமி, சிப்பாய், தச்சன் வாயிலிருந்து கேட்ட கரையோரங்களோ 'ல'வைப் பிடித்துக்கொண்டன, பிறகு திருத்த ஆளில்லை. கோவாவில் பிறந்த பாதிரியார் செபஸ்தியாவ் ரொடோல்ஃபோ தல்காதோ, ஆசிய மொழிகளில் போர்த்துக்கீசியச் சொற்களைத் தொகுத்து 1913இல் வெளியிட்ட பெருநூல் இந்த ஒப்பீட்டுக்கு இன்றும் தொடங்குமிடம்.

ஏமாற்றும் சொற்கள்

ஒலி ஒப்புமை கண்ணை மறைக்கும் இடங்கள் மூன்று. ஆங்கில 'ஆம்ப்ரி'யும் யானை மேல் ஏற்றும் அம்பாரியும் காதில் ஒன்றுபோல விழும். அம்பாரி பாரசீகம், உருது வழி வந்த வேறு சொல். ஆயுதக் கிடங்கைக் குறிக்கும் 'ஆர்மரி' சற்றுத் தூரத்து உறவு: வேர் ஒன்று, ஆனால் பழைய பிரெஞ்சில் வேறு கிளையில் உருவானது. மூன்றாவது நம் வீட்டிலேயே இருக்கிறது. 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று தொல்காப்பிய உரியியல் சொல்லும் அலமரல், சுழல்வதையும் மனம் தடுமாறுவதையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதிலிருந்து அலமாரியை வருவிப்பது ஒலியளவில் கவர்ச்சியாகத் தோன்றும். பொருளில் ஒட்டு இல்லை. அசையாமல் ஓரிடத்தில் நிற்பதற்குச் சுழற்சியிலிருந்து பெயர் வராது. மேலும் அதே சொல் அதே பொருளில் செக்கிலும் வேல்ஷிலும் இருப்பதை அந்த விளக்கத்தால் சொல்ல முடியாது.

இத்தகைய சொல்லைச் சோதிக்கிறவர் கையாள வேண்டிய வரிசையை இந்த வழக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மெய்யெழுத்துக்களை மட்டும் பிரித்து எழுதுங்கள்: ல், ம், ர். உயிர்கள் இடத்துக்கு இடம் ஓடும், மெய்கள் நிற்கும். பிறகு, வாங்கிய மொழியின் மெய்ம்மயக்க விதியைப் பொருத்தி, எதிர்பார்க்கும் வடிவத்தை முதலில் எழுதிவிட்டு, உண்மையில் இருக்கும் வடிவத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரலாறு இருக்கும். அதன்பின் ஒரே ஈற்றில் முடியும் மற்றக் கடன்சொற்கள் நான்கைந்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை வைத்து விதி எழுதினால் அது விதியாகாது.

பொருள் நகர்ந்த விதம்

தமிழ்நாட்டில் அலமாரி என்றால் சுவரில் குடைந்த தட்டுகளும் அலமாரிதான், கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இளைய பிளினியின் படுக்கையறைச் சுவரையும் ஆங்கிலேயக் கோயிலின் கல்மாடத்தையும் இது நினைவூட்டும். ஆனால் பொருள் மரபாக வந்தது என்று சொல்ல இடமில்லை. தடித்த சுவர் இருக்கும் எல்லா நாட்டிலும் மனிதர் அதைக் குடைந்து சாமான் வைப்பார்கள். நமக்கு மாடமும் விளக்குப் பிறையும் அதற்கு முன்பே உண்டு. புதுச் சொல் பழைய குழிக்குப் பெயராகியது, அவ்வளவே.

தனியாக நிற்கும் இரும்புப் பெட்டகத்துக்குத் தமிழ்நாட்டில் பீரோ என்ற பெயர் வந்துவிட்டது. அதுவும் லத்தீன் வழிதான். 'புர்ரா' என்றால் முரட்டுக் கம்பளி. அதிலிருந்து மேசை மேல் விரிக்கும் துணி, துணி விரித்த மேசை, மேசை இருக்கும் அலுவலகம் என்று பிரெஞ்சில் பொருள் நகர்ந்து, இழுப்பறை மேசையாகி, ஆங்கிலம் வழியே நம்மிடம் நகை வைக்கும் இரும்புப் பெட்டியாக வந்து நின்றது. ஆகவே தட்டு என்றால் அலமாரி, பூட்டு என்றால் பீரோ என்று நம் பேச்சு வேலையைப் பங்கிட்டுக்கொண்டது. இலங்கையில் அலுமாரி இரண்டு வேலையையும் செய்கிறது. இந்தோனேசியாவில் முதல் அகரம் தேய்ந்து 'லெமாரி' ஆனது. 'லெமாரி எஸ்' என்றால் பனிக்கட்டி அலமாரி, நம் ஃபிரிட்ஜ்.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் இங்கே வேலைக்காரர் வாயில் அல்மாரி என்று கேட்டு, தங்கள் ஊரில் ஒழிந்துகொண்டிருந்த ஆம்ப்ரியின் உடன்பிறப்பு என்று தெரியாமலே அதை 'ஆல்மைரா' என்று எழுதிக்கொண்டார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி அந்த உறவை எடுத்துச் சொன்னது: போர்த்துக்கீசிய அல்மாரியோ, பிரெஞ்சு அர்முவார், பழைய ஆங்கில ஆம்ப்ரி, ஸ்காட்டிஷ் ஆம்ரி எல்லாம் ஒன்றே என்று ஒரே குறிப்பில் காட்டியது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். ஒரே லத்தீன் சொல்லை ஆங்கிலம் மூன்று முறை வாங்கியிருக்கிறது. நார்மானியரிடமிருந்து வந்த ஆம்ப்ரி தேவாலயச் சுவரில் மட்டும் இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து மறுபடி வந்த அர்முவார் மரச்சாமான் கடைக்குப் போய்விட்டது. இந்தியாவிலிருந்து வந்த ஆல்மைரா இங்கிலாந்தில் வேர்பிடிக்கவில்லை, தெற்காசிய ஆங்கிலத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.